இரசாயனப் பரீக்ஷையும் உத்தேச மார்க்குகளும்

பரீக்ஷை மண்டபத்தினின்று வெளிப்போந்த மாணாக்கன் செய்யும் முதற்காரியம், தான் எழுதிய விடைகளை ஒவ்வொன்றாய் நினைவுகூர்ந்து, தனக்கு இத்தனை மார்க்குக் கிடைக்குமெனக் கணக்கிடுதலேயாம். இப்பழக்கம் எல்லாத் தேசத்தார்க்கும் பொதுவாயினும், இங்கிலாந்திலே இது தனியொரு சாஸ்திரம்போல் வளர்ந்திருக்கின்றது. அதற்குக் காரணமுமுண்டு. ஆங்குள்ள உயர்தரப் பரீக்ஷை ஜூன் மாதத்தில் முடிகின்றது. முடிவு வெளிவருவதோ ஆகஸ்டு மாத நடுவில். சர்வகலாசாலைகள் பரீக்ஷைக்கு முன்னரே மாணாக்கனுக்கு இடந்தந்து, "இன்ன பாடத்தில் இன்ன தரம் பெறுதல் வேண்டும்" என்று நிபந்தனையும் விதித்துவிடுகின்றன. வைத்தியங் கற்க விழையும் ஒருவனுக்கு இரசாயனத்தில் 'ஏ' தரம் தவறின், இடமுந் தவறக்கூடும். ஆதலின், அவ்விடைப்பட்ட நாட்களில் அவன் போடும் கணக்கு வெறும் விளையாட்டன்று. அக்கணக்கு எவ்வளவு நம்பத்தக்கது என்பதையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

ஏ. கியூ. ஏ. என்னும் பரீக்ஷைச் சபையாரின் இரசாயனத்தை உதாரணமாகக் கொள்வோம். வினாத்தாள்கள் மூன்று. முதலிரண்டுக்கும் தனித்தனி 105 மார்க்கு, மூன்றாவதற்கு 90, ஆக 300. மூன்றாம் தாளில் 40 மார்க்கு செய்முறையையும் அதன் அளவீடுகளையும் பற்றியது. 30 மார்க்கு, தரப்பட்ட விடைகளுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாக்களுக்கு உரியது. தரங்கள் 'ஈ' முதல் 'ஏ' வரை ஐந்து. அவற்றின் மேல் 2010-ஆம் ஆண்டு முதல் 'ஏ-ஸ்டார்' என்பதும் சேர்ந்துள்ளது.

இவற்றின் எல்லைகள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டவை அல்ல என்பதே நேயர்கள் முதற்கண் அறியவேண்டுவது. இலங்கையில் இதே பெயரால் வழங்கும் உயர்தரப் பரீக்ஷையில் 75-க்கு 'ஏ', 65-க்கு 'பி', 55-க்கு 'சி', 35-க்கு 'எஸ்' என எல்லைகள் நிலைத்து நிற்கின்றன. வினாத்தாள்களின் கடினத்தை ஒப்பிடும் வேலையை, சர்வகலாசாலைப் பிரவேசத்திற்காக 2001-ஆம் ஆண்டு முதல் இசட்-புள்ளி என்னுங் கணக்குச் செய்துவருகின்றது. இங்கிலாந்திலோ எல்லையே நகர்கின்றது. தாள்கள் திருத்தப்பட்ட பின்னரே, தலைமைப் பரீக்ஷகர்கள் சென்ற ஆண்டு எல்லையிலிருந்த விடைத்தாள்களோடு இவ்வாண்டு விடைத்தாள்களை ஒப்புநோக்கியும், அம்மாணாக்கர் கீழ்ப்பரீக்ஷையில் பெற்ற தேர்ச்சியைக் கணக்கிற்கொண்டும், 'ஏ', 'ஈ' என்னுமிரண்டின் எல்லைகளைத் தீர்மானிப்பர். இடையிலுள்ள 'பி', 'சி', 'டி' மூன்றும் சமதூரமாய்ப் பங்கிடப்படும். 'ஏ' எல்லை 210 ஆகவும் 'ஈ' எல்லை 90 ஆகவும் இருப்பின், இடைவெளி 120. அதனை நான்காற் பகுக்க, 'பி' 180, 'சி' 150, 'டி' 120 என்றாகும். வினாத்தாள் கடினமாயின் எல்லை இறங்கும், எளிதாயின் ஏறும். "தாள் மிக எளிது, ஆகவே எனக்கு உயர்ந்த தரம் நிச்சயம்" என்பான் கூற்று ஆதலாற் பொருந்தாது. அவனுக்கு எளிதாயிருந்தது மற்றையோர்க்கும் எளிதாயிருந்திருக்கும்.

இனி உத்தேச மார்க்கைப் பார்ப்போம். இரசாயன சாலையிற் பியூரெட்டைக் கையாண்டோர்க்குப் பிழை இருவகை என்பது தெரியும். கண்ணின் தடுமாற்றத்தால் ஒருமுறை சிறிது மிகுந்தும் ஒருமுறை சிறிது குறைந்தும் வருவது ஒன்று. பியூரெட்டின் அளவுக்கோடுகளே தவறாயிருப்பதால் எப்பொழுதும் ஒரே பக்கமாய் வருவது மற்றொன்று. பலமுறை அளந்து சராசரி கண்டால் முன்னது பெரும்பாலும் தேயும். பின்னது எத்தனைமுறை அளந்தாலும் தேயாது. மார்க்குக் கணக்கிடும் மாணாக்கனிடத்தும் இவ்விரண்டும் உள.

தற்செயற்பிழைக்கு உதாரணம், ஆறு மார்க்கு நீண்ட விடை. அது வரிவரியாயன்றி, விடையின் முழுநிலையை நோக்கி மதிப்பிடப்படுவதாதலின், நான்கா ஐந்தா என்பது எழுதியவனுக்கு விளங்காது. ஒரேபக்கப் பிழை இதனினும் நுட்பமானது. கணக்கின் விடை சரியென்று முழு மார்க்கும் போட்டுக்கொள்வான். வெப்ப மாற்றத்தின் முன் எதிர்க்குறி இடாததையும், பி.எச். அளவை இரண்டு தசம ஸ்தானம் எழுதாததையும், அங்ககக் கிரியையில் வளைந்த அம்பை இணையெலெக்ட்ரான்களிலிருந்து தொடங்காததையும் மறந்துவிடுவான். கூச்சமுள்ள மாணாக்கன் இதற்கு எதிராகத் தவறுவதுமுண்டு: முதற்படியில் ஒரு பிழை நேர்ந்ததனால் வினா முழுவதும் போயிற்றென எண்ணுவான். ஆயினும், பின்வந்த படிகள் முறையாயிருப்பின் அவற்றிற்குரிய மார்க்கைப் பரீக்ஷகர் பெரும்பாலும் கொடுத்துவிடுகின்றனர்.

ஒருவன் மூன்று தாள்களுக்கும் முறையே 76, 70, 66 என மதிப்பிட்டான் என வைத்துக்கொள்வோம், கூட்டுத்தொகை 212. சென்ற ஆண்டின் 'ஏ' எல்லை 210 என்க. இரண்டு மார்க்கு மிகுதியாயிருத்தலின் அவன் மகிழ்வான். தாளொன்றுக்கு ஆறு மார்க்கு முன்பின்னாகப் பிழை நேரும் எனக் கொள்வோமாயின், மூன்று தாள்களின் பிழை 18 அன்று. ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுசெய்வதால், மூன்று 36-களின் கூட்டான 108-இன் வர்க்கமூலம், அதாவது சுமார் 10. எல்லையும் எட்டு மார்க்கு அசையக்கூடுமென்றால், 108-உடன் 64 கூட்டி வர்க்கமூலங் காண, 13 ஆகின்றது. பதின்மூன்று அசையும் தராசில் இரண்டு மார்க்கு மிகுதி எம்மட்டு? 'ஏ' கிடைக்கும் வாய்ப்பு பாதிக்குச் சற்றே மேல். ஆயினும், 212-இலிருந்து இருமடங்கு பிழையான 26-ஐக் கழித்தாலும் 186 நிற்றலின், 'பி' எல்லையாகிய 180-க்கு அவன் அஞ்சவேண்டுவதில்லை. அவன் தாளுக்கு நான்கு மார்க்கு மிகையாய்ப் போட்டுக்கொள்ளும் இயல்பினனாயின், உண்மைத் தொகை 200 ஆகி, 'ஏ' வாய்ப்பு ஐந்தில் ஒன்றளவாய்ச் சுருங்கிவிடும்.

இவ்வியல்பை அறிய வழியுண்டு. பழைய வினாத்தாள் ஒன்றை நேரங்குறித்து எழுதி, மார்க்கை முதலில் தானே மதிப்பிட்டுக் குறித்துவைத்து, பின்பு ஆசிரியரிடம் திருத்தக் கொடுப்பதே அது. நாலைந்து தாள்களில் வித்தியாசத்தைப் பார்த்தால், தன் பியூரெட்டின் கோணல் எப்பக்கம் என்பது தெரிந்துவிடும். படித்துத் தேர்வதற்காக இதனைச் செய்வோர் பலர். தம் மதிப்பீட்டையே சோதிப்பதற்காகச் செய்வோர் சிலரே.

மாணாக்கர் மட்டுமன்றி ஆசிரியரும் இதிற் சறுக்குகின்றனர். சர்வகலாசாலை விண்ணப்பங்களில் ஆசிரியர் முன்மொழிந்த தரங்களை ஆராய்ந்து 2016-இல் வெளிவந்த அறிக்கையொன்று, சிறந்த மூன்று பாடங்களிலும் முன்மொழிந்தவாறே பெற்றோர் நூற்றுக்கு 16 பேரே எனக் கண்டது. பெரும்பாலோர்க்கு ஆசிரியர் சொன்னது மிகையாகவே இருந்தது. பெருநோயால் 2020-இல் பரீக்ஷை நடவாதபோது, இம்மிகையைத் திருத்த எண்ணி ஆஃப்க்வால் என்னும் மேற்பார்வை ஸ்தாபனத்தார், அந்தந்தப் பாடசாலையின் பழைய தேர்ச்சியையொட்டிய ஒரு சூத்திரத்தை இயற்றினர். ஆகஸ்டு 13-இல் முடிவு வெளிவந்தபோது, ஆசிரியர் கொடுத்த தரங்களில் நூற்றுக்கு 39 வீதம் குறைக்கப்பட்டிருந்தன. மாணாக்கர் தெருவிலிறங்கி முறையிட்டனர். நான்கு நாளில் சூத்திரம் கைவிடப்பட்டது. கூட்டத்தின் சராசரிக்குப் பொருந்திய கணக்கு தனியொருவனுக்கு அநீதியாகலாம் என்பதை அந்நாட்டார் அப்பொழுதுதான் கண்கூடாகக் கண்டனர். பரீக்ஷை மீண்ட 2022-இல் எல்லைகள் தாராளமாய் வைக்கப்பட்டு, 2023-இல் பழைய நிலைக்குத் திரும்பின. ஆதலால் 2022-இன் எல்லையை வைத்துக் கணக்கிடுவோர் ஏமாறுவர்.

திருத்துவோர் கையிலும் சிறிது அசைவுண்டு. மேற்கூறிய ஸ்தாபனத்தார் 2018-இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, தலைமைப் பரீக்ஷகர் கொடுத்திருக்கக்கூடிய தரமே மாணாக்கனுக்குக் கிடைப்பது கணிதத்தில் நூற்றுக்குச் சுமார் 96, இரசாயனத்தில் சுமார் 92, சரித்திரத்திலோ சுமார் 56. இவ்வகையில் இரசாயன மாணாக்கர் பாக்கியசாலிகளே. எல்லைக்கு ஒன்றிரண்டு மார்க்குக் கீழே நின்றவன் கட்டணஞ் செலுத்தி விடைத்தாளை மறுபடியும் நோக்கும்படி கேட்கலாம். ஆயின் அவ்வாறு நோக்குமிடத்து மார்க்கு ஏறுதலும் உண்டு, இறங்குதலும் உண்டு.