கம்பியில்லாச் சுட்டியின் மின்கல அளவு

கம்பியில்லாச் சுட்டியின் மின்கல அளவு என்பது, வடமின்றிக் கணினியுடன் இயங்கும் சுட்டியின் மின்கலத்தில் எஞ்சியுள்ள மின்னூட்டத்தைக் குறிக்கும் மதிப்பீடு ஆகும். இது விழுக்காடாகவோ, நிறைவு, நடுத்தரம், குறைவு என்ற படிகளாகவோ காட்டப்படும். பெரும்பாலான சுட்டிகளில் இம்மதிப்பு நேரடியாக அளக்கப்படுவதில்லை. மின்கலத்தின் மின்னழுத்தத்திலிருந்து உய்த்துணரப்படுகிறது. எனவே மின்கலத்தின் வகை மாறினால் ஒரே சுட்டி பிழையான அளவைக் காட்டக்கூடும்.

பின்னணி

டக்ளசு எங்கல்பர்ட் 1968 ஆம் ஆண்டு பொதுமக்கள் முன் இயக்கிக் காட்டிய சுட்டி வடம் கொண்டதாகும். வடமுள்ள சுட்டி தனக்கு வேண்டிய மின்சாரத்தைக் கணினியிலிருந்தே பெறுவதால் அதில் மின்கலச் சிக்கல் எழுவதில்லை. லாசிடெக் நிறுவனம் 1984 இல் அகச்சிவப்புக் கதிரால் இயங்கும் சுட்டியையும், 1991 இல் வானொலி அலையால் இயங்கும் சுட்டியையும் உருவாக்கியது. இன்றைய சுட்டிகள் பெரும்பாலும் 2.4 கிகாஏர்ட்சு அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன.

அளவு கணிக்கப்படும் முறை

கடைகளில் பென்சில் செல் என்று கேட்டு வாங்கப்படும் ஏஏ, ஏஏஏ அளவு மின்கலங்களே பல சுட்டிகளில் இடப்படுகின்றன. புதிய ஆல்கலைன் மின்கலம் ஒன்றின் மின்னழுத்தம் 1.5 வோல்ட்டு அல்லது அதற்குச் சற்று மேல் இருக்கும். பயன்படுத்தப் பயன்படுத்த இது படிப்படியாகச் சரிந்து, 0.9 வோல்ட்டு அளவில் மின்கலம் தீர்ந்ததாகக் கொள்ளப்படுகிறது. சுட்டியினுள் உள்ள சில்லு இந்தச் சரிவை ஓர் அட்டவணையுடன் ஒப்பிட்டு எஞ்சிய அளவைக் கணிக்கிறது.

மின்னேற்றத்தக்க நிக்கல்-உலோக ஐதரைடு மின்கலங்கள் இவ்வாறு சரிவதில்லை. இவற்றின் மின்னழுத்தம் பெரும்பகுதி நேரம் 1.2 வோல்ட்டை ஒட்டியே நின்று, இறுதியில் விரைந்து வீழ்கிறது. ஆல்கலைனுக்கான அட்டவணையில் 1.2 வோல்ட்டு என்பது பாதியோ அதற்கும் குறைவோ ஆகும். ஆகவே முழுதும் மின்னேற்றிய மின்கலத்தை இட்டாலும் சுட்டி சில நாட்களிலேயே குறைந்த அளவைக் காட்டும். பின்னர் அதே எண்ணில் பல வாரங்கள் நிற்கும். எச்சரிக்கை வந்த சிறிது நேரத்தில் நின்றுவிடும். இதனைச் சுட்டியின் பழுது எனக் கருதுவது தவறு.

மின்னழுத்தத்திற்கு மற்றோர் இயல்பும் உண்டு. பயன்பாட்டின்போது இறங்கிய மின்னழுத்தம், ஓய்வில் ஓரளவு மீள்கிறது. மாலையில் எச்சரிக்கை காட்டிய சுட்டி மறுநாள் காலையில் நலமாக இருப்பதுபோலத் தோன்றுவது இதனாலேயே.

கணினிக்குத் தெரிவிக்கும் முறை

குறையாற்றல் புளூடூத்துச் சுட்டிகள், அத்தகுதரத்திலேயே வரையறுக்கப்பட்ட மின்கலச் சேவை வழியாக 0 முதல் 100 வரையிலான ஓர் எண்ணை அனுப்புகின்றன. யுஎஸ்பி அலைவாங்கியுடன் வரும் சுட்டிகளில் இதற்கு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்ட நெறிமுறைகள் உள்ளன. அவற்றுட் சில, 100 படிகளாக அன்றி நான்கைந்து படிகளாகவே அளவைத் தெரிவிக்கும். விழுக்காடு நெடுநாள் 50 இல் நின்று திடீரென 20 க்கு இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலை குறைந்த சுட்டிகள் பல, மின்கல அளவை அனுப்புவதே இல்லை. கணினியின் பார்வையில் அவை வடமுள்ள சாதாரண யுஎஸ்பி சுட்டிகளே. இவற்றின் அளவை எந்த மென்பொருளாலும் அறிய இயலாது. அதற்கெனத் தேடி மென்பொருள் நிறுவுவது வீண் வேலை.

இயக்குதளங்களில்

விண்டோசு 10 இயக்குதளத்தில் 2018 இல் வெளிவந்த 1809 பதிப்பு முதல், அமைப்புகளில் உள்ள புளூடூத்துப் பகுதியில் சுட்டியின் அளவு தெரிகிறது. விண்டோசு 11 இலும் அவ்வாறே. அலைவாங்கியுடன் கூடிய சுட்டிக்குத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவைப்படலாம். மாக் கணினிகளிலும் புளூடூத்துப் பட்டியலில் இதனைக் காணலாம். ஆப்பிள் நிறுவனத்தின் மேசிக் மவுசு 2015 முதல் உள்ளமைந்த லித்தியம் மின்கலத்துடன் வருகிறது. அதன் மின்னேற்றத் துளை அடிப்பக்கத்தில் இருப்பதால் மின்னேற்றும்போது சுட்டியைப் பயன்படுத்த முடியாது. அளவை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளும் தேவை இதில் கூடுதல்.

லினக்சில் யூபவர் என்னும் சேவை இத்தகவலைத் திரட்டி, மின்திறன் அமைப்புகளில் காட்டுகிறது. தமிழகப் பள்ளி, கல்லூரி மாணவர் பலருக்கு லினக்சு அறிமுகமானது, 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் மூலமாகும். அம்மடிக்கணினிகளில் விண்டோசுடன், டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்சும் நிறுவப்பட்டிருந்தது.

எண் காட்டாத சுட்டிகள்

இவற்றில் எல்.இ.டி. விளக்கு சிவப்பாக ஒளிர்வது அல்லது சிமிட்டுவது, சுட்டியை அலைவாங்கிக்கு அருகில் வைத்தால் மட்டும் இயங்குவது, சுட்டுக்குறி தத்தித் தத்தி நகர்வது ஆகியவை அறிகுறிகள். எனினும் தத்தல் எப்போதும் மின்கலத்தால் வருவதன்று. யுஎஸ்பி 3.0 துளைகளும் வடங்களும் 2.4 கிகாஏர்ட்சு பகுதியில் இரைச்சலை உண்டாக்குவதை இன்டெல் நிறுவனம் 2012 இல் விளக்கியுள்ளது. அலைவாங்கியை வேறு துளைக்கு மாற்றிப் பார்த்த பின்னரே மின்கலத்தை ஐயுறுதல் நன்று.

மின்பணியாளர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டரே இங்கு நம்பத்தக்க கருவி. நேர்மின்னோட்ட வோல்ட்டு அளவையில் வைத்து, சுட்டியைச் சிறிது நேரம் பயன்படுத்திய உடனே மின்கலத்தை எடுத்து அளக்க வேண்டும். ஆல்கலைன் மின்கலம் 1.1 வோல்ட்டுக்குக் கீழ் இருந்தால் அது தீரும் தறுவாயில் உள்ளது எனலாம். இரு மின்கலங்கள் உள்ள சுட்டியில் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். பழையதையும் புதியதையும் கலந்து இட்டால் நலிந்த மின்கலம் மிகையாக வெறுமையாகிக் கசியக்கூடும்.

தீர்ந்த மின்கலங்கள்

தீர்ந்த ஆல்கலைன் மின்கலத்தைச் சுட்டிக்குள்ளேயே விட்டுவைத்தால் பொட்டாசியம் ஐதராக்சைடு கசிந்து உலோகத் தொடுமுனைகளை அரிக்கும். வெண்மையாகப் படியும் உப்பை, கையுறை அணிந்து, எலுமிச்சைச் சாறு அல்லது வினிகர் தோய்ந்த பஞ்சால் துடைத்து நீக்கலாம். இந்தியாவில் 2001 ஆம் ஆண்டின் விதிகள் ஈய-அமில மின்கலங்களை மட்டுமே கருத்தில் கொண்டன. 2022 ஆகத்து மாதம் அறிவிக்கப்பட்ட மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், சுட்டிகளில் பயன்படும் சிறு மின்கலங்கள் உட்பட எல்லா வகைகளுக்கும் பொருந்தும்; பயன்படுத்துவோர் அவற்றை வீட்டுக் குப்பையிலிருந்து பிரித்தே அப்புறப்படுத்த வேண்டும்.