நொய்யல்: மதகைத் திறக்காதீங்க என்று கேட்ட ஆயக்கட்டு

ஆயக்கட்டு விவசாயி கலெக்டர் ஆபீஸுக்குப் போனால் எதுக்குப் போவார்? மதகைத் திறந்துவிடச் சொல்லித்தான். கீழ்பவானியில், அமராவதியில் எல்லாம் வருஷா வருஷம் நடப்பது இதுதான். நொய்யலில் மட்டும் கதை தலைகீழ். சென்னிமலைக்குப் பக்கத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992-ல் பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பக்கம் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் என்பது கணக்கு. சில வருஷத்திலேயே கீழே இருக்கிற ஆயக்கட்டுக்காரர்கள் அந்தத் தண்ணியை எங்க பக்கம் விட்டுடாதீங்க என்று கேட்கிற நிலைமை வந்துவிட்டது.

அணையில் தண்ணீர் இல்லாமல் இல்லை. இருந்தது. அதுதான் பிரச்சினையே.

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிற ஆறு. மழைக்காலத்தில் மட்டும்தான் நிஜமான ஆறு. மற்ற மாதங்களில் அதில் ஓடியது ஊர்ச் சாக்கடையும் திருப்பூர்ச் சாயப்பட்டறைத் தண்ணியும்தான். பனியன் ஏற்றுமதி எண்பதுகளில் சூடு பிடித்து, தொண்ணூறுகளில் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. அதே சமயத்தில், திருப்பூருக்குக் கீழே குறுக்கே ஒரு சுவர் எழுப்பினால் சுவருக்குப் பின்னால் என்ன தேங்கும்?

நம் ஊரில் தண்ணீர்ப் பங்கீடு என்றால் அளவும் நாளும்தான். கீழ்பவானியில் சுமார் 2.07 லட்சம் ஏக்கர் ஆயக்கட்டை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு போகம் இவங்களுக்கு நஞ்சைக்கு, அவங்களுக்குப் புஞ்சைக்கு. அடுத்த வருஷம் மாறும். சண்டை வரும், ஆனால் எதைப் பற்றிச் சண்டை என்று ரெண்டு தரப்புக்கும் தெரியும். நொய்யலில் மேலே இருந்து கீழே வந்தது உப்பு. உப்புக்கு முறை வைக்க முடியாது.

உப்பு எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கணும். பருத்தித் துணிக்குப் போடுகிற ரியாக்டிவ் சாயமும் பருத்தி இழையும் தண்ணீரில் ஒரே மாதிரி மின்னேற்றம் கொண்டவை. ஒன்றை ஒன்று தள்ளும். உப்பு போட்டால்தான் சாயம் இழைக்குப் போய் ஒட்டும். கறுப்பு, நேவி புளூ மாதிரி அடர்நிறம் என்றால் சாயத்தொட்டியில் லிட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை. ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் பிடிக்கிற மெஷினில் லிட்டருக்கு 80 கிராம் என்று வைத்தால் 640 கிராம் உப்பு. இதில் எதுவும் துணியில் தங்குவதில்லை. நாம் போட்டிருக்கிற கறுப்பு டீசர்ட்டின் உப்பு முழுக்க அலசின தண்ணியோடு வெளியே போயாச்சு.

தொண்ணூறுகளில் கோர்ட் தலையிட்ட பிறகு கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் போட்டு நிறத்தை இறக்கின. சாயம் கண்ணுக்குத் தெரியும், உப்பு தெரியாது. நிறம் போன தண்ணியைப் பார்த்துப் பட்டறைக்காரர் சுத்தம் பண்ணிட்டோம் என்றார். கிணற்றில் வாய் வைத்த விவசாயிக்கு அது பொய்யென்று தெரிந்தது. கரைந்த உப்பின் அளவை டிடிஎஸ் என்பார்கள். கழிவுநீருக்கு அனுமதி லிட்டருக்கு 2,100 மில்லிகிராம். சுண்ணாம்பு வைத்தியத்தால் அதைத் தொடவே முடியாது.

சரி, ரெண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்திருக்கலாமே? எனக்குத் தோன்றுகிற பதில் இது. மேலே இருப்பவருக்குக் கீழே இருப்பவரிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. அதோடு, பெரும்பாலான பட்டறைகள் கூலிக்குச் சாயம் போடுபவை. ரேட்டுக்குக் கிலோக் கணக்கு. ஒருத்தர் மட்டும் யோக்கியமாக உப்பைப் பிரித்தெடுத்து ரேட்டை ஏற்றினால், மறுநாளே ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும். பேச்சுவார்த்தையில் நல்ல மனசோடு ஒத்துக்கொண்டவர்தான் முதலில் கடையை மூடணும்.

அதனால் விஷயம் கோர்ட்டுக்குப் போய், கோர்ட்டிலேயே வருஷக்கணக்கில் இருந்தது. சூழல் இழப்பீட்டு ஆணையம் 28,596 விவசாயிகளுக்குச் சுமார் 24.79 கோடி ரூபாய் இழப்பீடு கணக்குப் போட்டது. வகுத்துப் பார்த்தால் தலைக்கு 8,700 ரூபாய்கூட வரவில்லை. ஒரு போர் போடக்கூட ஆகாது. 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் வெளியேற்றுகிற கழிவுக்கு லிட்டருக்கு 6 பைசாவில் ஆரம்பித்து 10 பைசா வரை ஏறுகிற அபராதம் விதித்தது. அதாவது ஆயிரம் லிட்டருக்கு 60 முதல் 100 ரூபாய். உப்பைப் பிரித்தெடுக்க ஆகிற செலவு இதைவிட அதிகம் என்றால் வியாபாரி எதைத் தேர்ந்தெடுப்பார்? அபராதம் கட்டணம் மாதிரி ஆகிவிடும். 2009-ல் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்ற உத்தரவை உறுதி செய்து, அணையைச் சுத்தம் செய்கிற செலவும் இழப்பீடும் மாசுபடுத்தியவர் தலையில்தான் என்றது. அப்புறமும் ஆற்றில் சாயம் ஓடியது.

2011 ஜனவரி 28. கழிவு வெளியேற்றம் பூஜ்யம் ஆகிறவரை எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது உயர் நீதிமன்றம். எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகள். சாயம் இல்லாமல் பனியன் ஏது? ஊரே நின்றது; வேலை போய் ஊருக்குத் திரும்பினவர்கள் பலர். அந்த வலியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் பதினைந்து வருஷம் நகராத விஷயம் நகர்ந்ததும் அதனால்தான். பக்கத்துப் பட்டறையும் அதே நாளில் மூடியிருந்தது. முறைப் பாசனம் நடப்பதும் இதே காரணத்தால்தானே? என் மதகு அடைத்திருக்கிற நாளில் என் வரிசையில் இருப்பவர் மதகும் அடைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாக ஓடத் தொடங்கின. இப்போது கழிவை மெல்லிய சவ்வு வழியாக அழுத்தித் தள்ளி, பெரும்பகுதியை நல்ல தண்ணியாகப் பட்டறைக்கே திருப்புகிறார்கள். மிச்ச உப்புக்கரைசலைக் காய்ச்சி உப்பை எடுத்துத் திரும்பச் சாயத்தொட்டியில் போடுகிறார்கள். அருள்புரம் நிலையத்தில் உப்புக்கரைசலை அப்படியே மறுபடி பயன்படுத்துகிற முறையும் வந்தது. காய்ச்ச பாய்லர் வேணும், பாய்லருக்கு விறகு வேணும். அது வேற கதை.

இதில் இன்னொரு ஆறும் மாட்டிக்கொண்டிருக்கிறது. நிலத்தடி நீர் கெட்ட பிறகு பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணி வந்தது; பயிர் வைப்பதைவிடத் தண்ணி விற்பதில் காசு அதிகம் என்று விற்ற விவசாயிகளும் உண்டு. அதன் பிறகு, அரசும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்த ஒரு கம்பெனி பவானி ஆற்றிலிருந்து நாளுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துக் குழாயில் கொண்டுவந்தது. நொய்யலைக் கெடுத்த ஊருக்குப் பவானித் தண்ணி. பவானி ஆயக்கட்டில் அதுக்கு எதிர்ப்பு இருந்ததில் ஆச்சரியம் என்ன? கழிவைத் திருப்பிப் பயன்படுத்த ஆரம்பித்ததும் பட்டறைகளின் புதுத் தண்ணித் தேவை குறைந்தது. கரூர்க்காரர் போட்ட கேஸால் பவானிக்காரருக்கும் கொஞ்சம் லாபம். இதை யாரும் யாரிடமும் கேட்டு வாங்கவில்லை.

கணக்கு இன்னும் முடியவில்லை. 2011-க்குப் பிறகு திருப்பூர் துணி வெளியூருக்குச் சாயத்துக்குப் போனது. அந்த ஊர் உப்பு அந்த ஊர் ஆற்றுக்கு. காய்ச்சி எடுத்ததில் எதுக்கும் ஆகாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாக ஷெட்டுகளில் கிடக்கிறது. ஒரத்துப்பாளையத்தில் தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை, வந்தது வந்தபடி போகிறது. மழைக்காலத்தில் நொய்யலில் வெள்ளம் வருகிறது என்றால், கீழே இருப்பவர்கள் எத்தனை அடி என்று கேட்பதில்லை. டிடிஎஸ் எவ்வளவு என்றுதான் கேட்கிறார்கள்.