கிளைடர் திடலில் எங்கே நிற்பது, எப்படிக் கடப்பது?

கிளைடர் என்பது இன்ஜின் இல்லாமல் காற்றில் மிதந்து பறக்கும் விமானம். இங்கிலாந்தின் லாஷம் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளம். இன்று அங்கே பெரிய கிளைடர் கழகம் ஒன்று இயங்குகிறது. இதுபோன்ற இடங்களுக்கு வேடிக்கை பார்க்கவோ, பயணியாக ஒருமுறை பறக்கவோ நீங்கள் போகலாம். பறப்பதைப் பற்றித்தான் பயப்படுவீர்கள். ஆனால் கவனம் தேவைப்படுவது தரையிலும்தான்.

இறங்கி வரும் வழியில் ஆள் நிற்பதைப் பார்த்தால் விமானி மறுபடி மேலே ஏற மாட்டாரா? முடியாது. ஏறுவதற்கு இன்ஜின் இல்லை. ஏர்பிரேக்கை (இறக்கைமேல் எழும் தடுப்புப் பலகை) மடக்கிக் கொஞ்சம் தள்ளிப் போய் இறங்கலாம், அவ்வளவுதான்.

வரும் சத்தம் கேட்காதா? காற்றின் சீறல் மட்டும் கேட்கும், அதுவும் மிக அருகில் வந்த பிறகு. இறங்க வரும் வேகம் மணிக்கு சுமார் 90 கிலோமீட்டர். முந்நூறு மீட்டர் தூரத்தைக் கடக்க 12 விநாடி போதும். எதிரே நேராக வரும்போது மெல்லிய கோடு போலத்தான் தெரியும். மேகத்தின் பின்னணியில் அதுவும் எளிதில் தெரியாது.

கொஞ்சம் ஒதுங்கி நின்றால் போதாதா? போதாது. சாதாரணக் கிளைடரின் இறக்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை 15 மீட்டர். இன்னும் நீளமானவையும் உண்டு. விமானி உங்களைவிட்டு ஐந்து மீட்டர் தள்ளிப் போனாலும் இறக்கை உங்கள் மீது மோதும். எடையைத் தாங்குவது நடுவில் உள்ள ஒரே பெரிய சக்கரம். வேகம் குறைந்ததும் ஒரு பக்க இறக்கை தரையில் சாயும். அது உயரமான புல்லில் சிக்கினால் கிளைடர் முழுதும் அந்தப் பக்கமே சுழன்றுவிடும்.

அப்படியானால் விமானிகள் ஆட்களுக்குப் பக்கத்தில் ஏன் இறங்குகிறார்கள்? பெரும்பாலும் வசதிக்காக. முந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட கிளைடரைக் கையால் தள்ளிக்கொண்டு திரும்ப வேண்டுமே! புறப்படும் இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பார்க்கிறார்கள். ஈரப் புல்லில் பிரேக் பிடிக்காமல் சக்கரம் வழுக்கினால் அந்தக் கணக்கு தப்பிவிடும். இப்படி ஆட்களுக்குப் பக்கத்தில் இறங்குவது விட வேண்டிய பழக்கம் என்றே நான் சொல்வேன். பிரேக்கே பிடிக்காவிட்டாலும் யார்மீதும் மோதாத திசையில்தான் இறங்க வேண்டும். அதற்காக இருநூறு மீட்டர் கூடுதலாகத் தள்ளினால் என்ன?

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? திடலின் ஓரமாகவே நடங்கள். குழந்தையின் கையை விடாதீர்கள். காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். ஓடுதளத்தைக் கடக்கும் முன் நின்று, கிளைடர்கள் இறங்கி வரும் பக்கத்து வானத்தைப் பாருங்கள். மறுபக்கத்தையும் பாருங்கள், திசை மாறி இறங்குபவரும் உண்டு. பிறகு குறுக்கே நேராக, நிற்காமல் கடந்துவிடுங்கள். நடுவில் நின்று படம் எடுக்க வேண்டாம். புல்லில் கிடக்கும் வின்ச் (கிளைடரை இழுத்து ஏற்றும் இயந்திரம்) கம்பிவடத்தைத் தொடவே கூடாது.

கிளைடர் அருகில் வந்துவிட்டால்? இங்கும் அங்கும் ஓடாதீர்கள். விமானி உங்களைத் தவிர்க்க ஏற்கெனவே ஒரு பக்கம் திருப்பியிருக்கலாம். நீங்களும் அதே பக்கம் ஓடினால் ஆபத்து. இறக்கை உங்களை நோக்கி வந்தால் தரையோடு தரையாகப் படுத்துவிடுங்கள்.

இறங்கிய கிளைடரைத் தள்ள உங்களையும் கூப்பிடுவார்கள். தலையைக் குனிந்து தள்ளும்போது அடுத்து இறங்கி வரும் கிளைடர் கண்ணில் படாது. முதலில் தள்ளும் கிளைடரைப் பக்கவாட்டில் ஓரத்துக்குக் கொண்டுபோங்கள், பிறகு புறப்படும் இடத்துக்குத் திரும்புங்கள். இறக்கை நுனியைப் பிடித்திருப்பவர் வானத்தையும் பார்த்துக்கொண்டே வரட்டும்.

திடலுக்குப் போனதும் முதல் வேலையாக, இன்று எந்தப் பக்கமிருந்து இறங்குகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள். காற்று மாறினால் அதுவும் மாறும். மதியத்துக்கு மேல் இன்னொரு முறை கேளுங்கள்.