இருக்கும் உடலுக்கு ஒரு ஜீன்ஸ்

2009இல் எறிகணைச் சிதறல் முள்ளந்தண்டில் பட்டதிலிருந்து என் பெரியம்மாவின் மகனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அன்றிலிருந்து அண்ணாவைச் சாரத்துடன்தான் பார்த்துவருகிறேன். தங்கையின் திருமணத்துக்கு ஜீன்ஸ் போட ஆசைப்பட்டார். கடையில் ஒன்று வாங்கினோம். சக்கர நாற்காலியில் நாலைந்து மணித்தியாலம் இருந்தார். இரவு உடுப்பு மாற்றும்போது பெரியம்மாதான் கண்டார்: பின் பொக்கற்றின் மூலையிலுள்ள உலோக ஆணி அழுத்திய இடத்தில் தோல் கன்றிச் சிவந்திருந்தது. சில நாட்களில் அது புண்ணானது. ஆற ஐந்து மாதம் எடுத்தது.

“நொந்தாத்தானே எனக்குத் தெரியும்” என்றார் அண்ணா.

அதன்பிறகு அவருடைய அக்கா அந்த ஜீன்ஸையே தையல் பிரித்தார். ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் அவர். அவர் செய்ததை இங்கே விளக்குகிறேன். தையல் மெஷின் உள்ள எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

பிழை எங்கே?

ஜீன்ஸ், நின்று வேலை செய்பவர்களுக்காக உருவான உடுப்பு. தையற்காரர் ஜேக்கப் டேவிஸும் வியாபாரி லீவை ஸ்ட்ராஸும் 1873இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது, பொக்கற் மூலைகள் கிழியாமல் உலோக ஆணி அடிக்கும் முறைக்குத்தான். பின் பொக்கற் ஆணிகள் குதிரைச் சேணத்தையும் கதிரைகளையும் கீறுகின்றன என்று முறைப்பாடு வந்ததால், 1937இல் லீவைஸ் நிறுவனம் அவற்றைத் துணிக்குள் மறைத்தது. கதிரையையே கீறும் ஆணி, உணர்வற்ற தோலை என்ன செய்யும்?

அளவிலும் சிக்கல் உண்டு. நாம் இருக்கும்போது முதுகுப்பக்கம் நீள்கிறது. வயிற்றுப்பக்கம் மடிந்து குறுகுகிறது. அதனால் பின்னால் ஜீன்ஸ் கீழிறங்கி முதுகு தெரியும். முன்னால் துணி குவிந்து வயிற்றை அழுத்தும். ஒரு சைஸ் பெரிதாக வாங்கினாலும் இது தீராது. அகலம் கூடும், முன்பின் நீளம் சரியாகாது. மாற்ற வேண்டியது பற்றன் கடதாசியை.

இருந்தபடியே அளவு

அக்கா எல்லா அளவுகளையும் அண்ணா நாற்காலியில் இருந்தபடியே எடுத்தார். இடுப்பு, ஆசனத்தின் அகலமான இடம், தொடை ஆகியவற்றின் சுற்றளவுகள் முதலில். பிறகு கால் நீளம்: இடுப்பின் பக்கத்திலிருந்து மடிந்த முழங்காலின் மேலாகக் கணுக்கால்வரை. முழங்கால் மடியும்போது கால் ஓரம் மேலேறும் என்பதால் இப்படி அளக்க வேண்டும்.

பிரித்த துண்டுகளைப் பிரவுண் கடதாசியில் வைத்து வரைந்தார். பின்பக்கத் துண்டில், ஆசனத்தின் அகலமான இடத்தில், நடுத் தையலிலிருந்து பக்கத் தையல்வரை ஒரு கோடு போட்டார். நடுவிலிருந்து அந்தக் கோட்டில் வெட்டிக்கொண்டு போய், பக்கத் தையலுக்குச் சற்று முன் நிறுத்தினார். கடதாசி அங்கே கதவுப் பிணைச்சல் போல ஒட்டிக்கொண்டிருக்கும். நடுப்பக்கத்தை இரண்டு அங்குலம் விரித்து, அடியில் வேறு கடதாசி ஒட்டி, வளைவைத் திருத்தி வரைந்தார்.

முன்பக்கத்தில் இதற்கு நேர்மாறு. நடுவில் ஒன்றரை அங்குலம் மடித்து, மடிப்பு பக்கத் தையலில் ஒன்றுமில்லாமல் முடியும்படி ஒட்டினார். பக்கத் தையலின் நீளம் இரண்டு துண்டிலும் மாறவில்லை. ஆகவே தைக்கும்போது அவை பொருந்தும். இந்த அங்குலக் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும்.

எதை விடுவது?

பின் பொக்கற்றும் உலோக ஆணிகளும் வேண்டாம். பொக்கற்றைத் தொடையின் மேற்பக்கத்தில் வைக்கலாம். இருப்பவருக்குக் கை எட்டுவதும் அங்கேதான். இடுப்புக்குக் கீழே பின்னால் வரும் ஒட்டுத்துண்டைக் காற்துண்டுடன் கடதாசியிலேயே சேர்த்துவிட்டால் ஒரு தடித்த தையல் குறையும். அதனால் இடுப்பில் மிஞ்சும் தளர்வைப் பின்பட்டிக்குள் இலாஸ்ரிக் போட்டு இழுக்கலாம். மடித்து இரட்டைத் தையல் அடிக்காமல், சாதாரணத் தையல் அடித்து ஓரங்களை விரித்து அயர்ன் பண்ண வேண்டும். சிப்பை நீளமாக வைத்தால் கதீற்றர் பாவிப்பவருக்கு இலகு.

துணி மெல்லிய, சற்று இழுபடும் டெனிமாக இருப்பது நல்லது. வெட்ட முன் தோய்த்துக் காயவிடுங்கள். டெனிம் நீளவாக்கில் சுருங்கும். வீட்டு மெஷினுக்கு 16ஆம் இலக்க ஊசி போதும்.

செயற்கைக்கால் பாவிப்பவருக்கு, காலையும் சப்பாத்தையும் போட்டு நிற்கவைத்து இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளக்க வேண்டும். செயற்கைக்கால் பக்கத்தை அகலமாக வெட்டி, பக்கத் தையலில் ஓரத்திலிருந்து முழங்காலுக்கு மேல்வரை சிப் வைத்தால், ஜீன்ஸைக் கழற்றாமலே காலைச் சரிசெய்யலாம்.

முதலில் பழைய துணியில்

அக்கா முதலில் பழைய படுக்கை விரிப்பில் தைத்துப் பார்த்தார். முன்னால் இன்னும் துணி குவிந்தது. கடதாசியில் மேலும் அரை அங்குலம் மடித்த பிறகே டெனிமை வெட்டினார்.

தைத்த ஜீன்ஸை முதல்நாள் ஒரு மணித்தியாலம் மட்டும் போடவைத்து, தோலைப் பார்த்தார். அழுத்தம் நீங்கி அரை மணித்தியாலத்திலும் சிவப்பு மறையாவிட்டால் அந்த இடத்துத் தையலை மாற்ற வேண்டும். ஏற்கெனவே புண் இருந்தால் ஆறும்வரை ஜீன்ஸ் வேண்டாம், வைத்தியரிடம் காட்டுங்கள்.

அண்ணா இப்போது கோயிலுக்கும் கிளினிக்குக்கும் அதைத்தான் போடுகிறார். இரவில் தோல் பார்ப்பதைப் பெரியம்மா நிறுத்தவில்லை. பற்றன் கடதாசி சுருட்டப்பட்டு அலுமாரிக்கு மேலே கிடக்கிறது. அண்ணாவைப் போலவே சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் போனமாதம் வந்து கேட்டார். அக்கா அவரையும் இருந்தபடியே அளந்து, புதிதாக ஒன்று வரைந்து கொடுத்தார்.