தேநீரும் உழைப்போர் உடல்நலமும்

வேளாண்மைக்கு முதற்பொருள் நிலமும் நீரும் விதையுமே எனினும், அவற்றைப் பயன்படச் செய்வது மக்களின் உடலுழைப்பேயாம். உரத்தைப்பற்றியும் விதையைப்பற்றியும் அடிக்கடி ஆராயும் நாம், களையெடுக்கும் கைகள் எவ்வுணவைக்கொண்டு வலிமை பெறுகின்றன என்பதை ஆராய்வது அரிது. தேவாரம், போடிநாயக்கனூர்ப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் ஜீப் வண்டிகளில் ஏறுகின்றனர். அவர்களிற் பலர் அப்பொழுது அருந்துவது ஒரு குவளைத் தேநீர் மட்டுமே. சமவெளித் தோட்டங்களிலும் கூலியாட்களுக்கு உணவு முடிந்தவுடன் தேநீர் வழங்குவது வழக்கமாயிருக்கிறது. இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்ச்சியாளர் கண்டவாறு இங்கு எடுத்துரைப்போம்.

தேயிலை வந்த வழி

தேயிலையை மருந்தாகவும் பானமாகவும் முதலிற் பயின்றவர் சீனர். எட்டாம் நூற்றாண்டில் லூ யூ என்பவர் இதற்கெனவே தனி நூல் இயற்றினார். ஜப்பானில் ஐசாய் என்னும் துறவி, 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தேநீரால் ஆயுள் வளரும் என்று எழுதினார். நம் நாட்டிலோ தேநீர் தோட்டத் தொழிலோடு வந்ததாகும். இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-இல் தேயிலைத் தோட்டம் அமைத்தார். பின்னர் நோயினால் காப்பித் தோட்டங்கள் அழிந்தமையால், அவ்விடங்களிலெல்லாம் தேயிலை பரவிற்று. அங்கே மலைநாட்டில் உழைத்த தமிழ் மக்களின் வாயில் அது ‘தேத்தண்ணீர்’ ஆயிற்று.

நம் மலைச்சரிவும் இவ்வரலாற்றிற்குப் புறம்பானதன்று. கண்ணன் தேவன் மலைகளில் விளைந்த தேயிலை, டாப் ஸ்டேஷன் என்னும் உச்சியிலிருந்து கம்பிவழியாகக் கோட்டகுடிக்கு இறக்கப்பட்டு, போடிநாயக்கனூர் மார்க்கமாகத் தூத்துக்குடி சென்று கப்பலேறியது. 1928-இல் போடிநாயக்கனூருக்கு இருப்புப்பாதை வந்தது. தேனி ஜில்லாவைச் சார்ந்த கொழுக்குமலையில், ஏழாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரத்தில், இன்றும் தேயிலை பயிராகின்றது.

ஆராய்ச்சி கூறுவது

அஸ்ஸாமில் டோக்ளாய் நிலையம் 1911-லும், இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925-லும் தோன்றின. இவை பயிரைப்பற்றியே மிகுதியும் ஆராய்ந்தன. அருந்துவோர் உடல்நலத்தைப்பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் பிற்காலத்தது.

பச்சைத் தேயிலையும் கருந்தேயிலையும் ஒரே செடியின் கொழுந்துகளே. வாட்டிக் கசக்கிக் காற்றுப்படச் செய்து உலர்த்தியது கருந்தேயிலை. காற்றினால் மாறுதல் அடையாதபடி உடனே சூடுகாட்டி உலர்த்தியது பச்சைத் தேயிலை. இரண்டிலும் துவர்ப்புச் சத்துக்களும், சோர்வு நீக்கும் காபீன் என்னும் பொருளும் உள. இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐந்து லட்சம் மக்களிடை நடத்தி 2022-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நாள்தோறும் இரண்டு குவளைக்குக் குறையாமல் கருந்தேநீர் அருந்துவோரிடை மரண விகிதம் சற்றே குறைந்திருக்கக் கண்டனர். எனினும் அக்குறைவிற்குத் தேநீரே காரணம் என்று இவ்வகை ஆராய்ச்சியால் முடிவு கட்டலாகாது. ஆகவே தேநீரை நஞ்சென்று ஒதுக்கவும் வேண்டா. அமிர்தமென்று போற்றவும் வேண்டா.

இரும்புச் சத்தும் தேநீரும்

நாம் முக்கியமாகக் கவனிக்கவேண்டுவது இதுவே. கீரை, தானியம், பருப்பு ஆகியவற்றிலுள்ள இரும்புச் சத்தைத் தேநீரின் துவர்ப்புச் சத்துக்கள் பற்றிக்கொண்டு, அது குடலால் உறிஞ்சப்படாதவாறு தடுக்கின்றன. தென்னாப்பிரிக்காவில் குடியேறிய இந்தியப் பெண்களிடையே சோதித்து 1975-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரொட்டியோடும் சோற்றோடும் தேநீர் அருந்தியபோது இரும்புச் சத்து உடலிற் சேர்வது பெரிதும் குறைந்தது. பால் கலப்பதால் இத்தடை நீங்குவதில்லை என்று 1999-இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சி காட்டிற்று. இங்கிலாந்தில் 2017-இல் வெளியானதோ நமக்கு ஆறுதல் தருவது: கஞ்சியோடு அருந்தாமல் ஒரு மணி நேரம் கழித்துத் தேநீர் அருந்தியபோது அத்தடை குறைந்தது. ஆகவே குற்றம் தேநீரிலன்று, அதனை அருந்தும் வேளையிலேயாம்.

2019–21-ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேர் இரத்தச் சோகையுடையவர். இதற்குக் காரணங்கள் பல. தேநீர் ஒன்றே காரணமன்று. ஆயினும் உணவிற் சிறிதாயுள்ள இரும்புச் சத்தையும் நாமே தடுத்துவிடுவது அறிவுடைமையாகாது.

இதனால் நிலமுடையோர்க்கு நேரும் நஷ்டமும் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் நடத்தி 1979-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரும்புச் சத்து மருந்தால் இரத்தம் ஊறிய தொழிலாளர், ஒரே மாதத்தில் முன்னிலும் மிகுதியாகக் கொழுந்து பறித்தனர். சோகை மிகுந்தவரிடமே முன்னேற்றமும் மிகுந்திருந்தது. சோம்பலென்று நாம் கடிந்துகொள்ளும் தளர்ச்சி, பல சமயங்களில் இரத்தக் குறைவே என்பதை இதனால் உணரலாம்.

அளவும் சூடும்

150 மில்லிலிட்டர் தேநீரில் 30 முதல் 65 மில்லிகிராம் வரை காபீன் இருக்குமென்றும், நாளொன்றுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்றும் ஹைதராபாத் தேசிய உணவுச்சத்து நிலையத்தின் 2024-ஆம் ஆண்டுக் குறிப்புகள் கூறுகின்றன. உணவிற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் தேநீரை விலக்குமாறும் அவை அறிவுறுத்துகின்றன. 65 பாகைக்கு மேற்பட்ட சூட்டிற் பானங்களை அருந்துவது உணவுக்குழாயிற் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2016-இல் தெரிவித்தது. ஆதலின் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதைக் கைவிடுதல் நலம்.

தூளைச் சோதிக்கும் முறை

சாயமேற்றிய தூளைக் கண்டறிவது எளிது. வெள்ளை வடிதாளின்மேல் சிறிது தூளைப் பரப்பிச் சில துளி நீர் தெளிக்கவும். பின்னர்த் தூளை அகற்றித் தாளை நீரிற் கழுவவும். தாளிற் கறை பரவித் தங்குமாயின் அது கலப்படத் தூளென்று ஐயுறலாம். காந்தத்தைத் தூளின்மேல் செலுத்தினால் இரும்புத்துகள் கலந்திருப்பதும் புலப்படும்.

செய்யத்தக்கன

1. காலை உணவு ஒன்பது மணிக்கெனில் தேநீரைப் பதினொரு மணிக்கும், பகலுணவு ஒரு மணிக்கெனில் தேநீரை மூன்று மணிக்கும் வழங்குக. இதற்குத் தனிச்செலவு யாதுமில்லை.

2. விடியலிற் புறப்படும் பெண்கள் வெறுந்தேநீரோடு செல்லாமல், கம்பங்கூழோ கேழ்வரகுக் கஞ்சியோ அருந்திச் செல்லுமாறு வீட்டார் பார்த்துக்கொள்க.

3. உணவோடு நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை இவற்றுள் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது இரும்புச் சத்து உடலிற் சேர உதவும். வேலியோரத்தில் இரண்டொரு முருங்கையும் நெல்லியும் நட்டால் ஆட்களுக்கும் பயன்படும்.

4. இரும்புச் சத்து மாத்திரை உண்ணும் கர்ப்பிணிகள் அதனைத் தேநீரோடு உட்கொள்ளலாகாது. சிறுவர்க்குப் பாலுக்குப் பதிலாகத் தேநீர் கொடுத்தலும் ஆகாது.

5. கிராம அதிகாரிகள், ஊர்க்கூட்டங்களிலும் ஜீப் வண்டிகள் கூடுமிடங்களிலும் இவற்றை மக்களுக்கு எடுத்துரைப்பதோடு, சோர்வும் மூச்சிரைப்பும் உடையோரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புவாராக.

தேநீர் உழைப்போர்க்குக் கிடைக்கும் சிறு இன்பம். அதனைப் பறிக்கவேண்டுமென்பது நம் கருத்தன்று. வேளையறிந்து நீர் பாய்ச்சுவதால் பயிர் தழைப்பதுபோல, வேளையறிந்து அருந்துவதால் தேநீரும் தீங்கின்றிப் பயன் தரும். அடுத்த களையெடுப்பிலேயே இவ்வேளை மாற்றத்தை நம் தோட்டங்களிற் கைக்கொள்வோமாக.