தூசு காட்டிக்கொடுக்கும் விண்மீன்

பிறந்துகொண்டிருக்கும் விண்மீனை நேரே பார்ப்பது அரிது. தன்னை உருவாக்கிய தூசுக்குள்ளேயே அது புதைந்து கிடக்கிறது. ஆனால் மறைக்கும் அந்தத் தூசே விண்மீன் இருக்கும் இடத்தையும் காட்டிக்கொடுக்கிறது. இதை வெள்ளவத்தைக் கடற்கரையில் நின்றே விளங்கிக்கொள்ளலாம். சூரியன் கடலில் இறங்கும் வேளையில், முனைவாக்கும் வில்லையுள்ள கறுப்புக் கண்ணாடியைத் தலைக்கு நேர்மேலேயுள்ள நீலவானத்துக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றினால், வானம் இருண்டு, கால் சுற்றில் மீண்டும் வெளிக்கும். காற்றின் மூலக்கூறுகளில் பட்டுச் சிதறிய ஒளி பெரும்பாலும் ஒரே திசையில் அதிர்வதே, அதாவது முனைவாகியிருப்பதே, காரணம். அங்கே அதிர்வு வடக்குத் தெற்காக இருக்கும், சூரியனோ மேற்கே. அதிர்வுக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்தால் அது ஒளி வந்த பக்கத்துக்கே போகும். விண்மீனின் ஒளியைத் தூசு சிதறடிக்கும்போதும் இப்படியே.

இந்தத் தூசின் ஆராய்ச்சியில் கொழும்புக்கும் பங்குண்டு. 1939இல் இங்கே பிறந்து றோயல் கல்லூரியில் படித்த சந்திர விக்கிரமசிங்க, 1962இல் பிரெட் ஹொயிலுடன் சேர்ந்து, விண்மீன்களிடைத் தூசு பனித்துணிக்கைகளே என்ற எண்ணத்துக்கு மாறாக, அதில் காபனின் ஒரு வடிவமான காரீயம் இருக்கலாம் என்று வாதிட்டார். போகல சுரங்கத்தில் நாம் தோண்டியெடுக்கும் அதே காரீயம். விண்வெளி நுண்ணுயிர் பற்றி அவர் பின்னாளில் சொன்னவற்றைப் பெரும்பாலான வானியலாளர் ஏற்கவில்லை. தூசில் காபன் உண்டென்பதோ நிலைத்துவிட்டது. மில்லிமீற்றரில் பத்தாயிரத்தில் ஒரு பங்களவான இத்துணிக்கைகள் கட்புல ஒளியை வழியிலேயே மறித்துவிடும். 2.2 மைக்குரோமீற்றர் அலைநீளச் செங்கீழ்க் கதிருக்கு அந்தத் தடை ஏறக்குறைய பத்திலொன்றுதான். அதனால்தான் அதிர்வுத் திசையின் அளவீட்டைச் செங்கீழ்க் கதிரில் செய்கிறார்கள்.

ஏறத்தாழ 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓரியன் முகிலில், கட்புல ஒளியில் தெரியாத, செங்கீழ்க் கதிரில் பளிச்சிடும் பொருளொன்றை 1967இல் வானியலாளர் பெக்லினும் நியூகேபவரும் கண்டறிந்தார்கள். 1983இல் அதன் அயலை 3.8 மைக்குரோமீற்றரில் அளந்தபோது, தூசில் சிதறிய ஒளியின் அதிர்வுகளுக்கு இழுத்த செங்குத்துகள் பெரும்பாலும் அந்தப் பளிச்சிடும் பொருளில் கூடவில்லை. அருகே மங்கலாகத் தெரிந்த ஐஆர்சி2 என்ற பகுதியையே சுட்டின. பிரகாசத்தை மட்டும் நம்பியிருந்தால், அந்தத் தூசுக்கு ஒளியூட்டும் விளக்கை இடம் மாற்றிச் சொல்லியிருப்போம்.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். காந்தப்புலத்தில் ஒழுங்காக நிற்கும் நீள்வடிவத் துணிக்கைகளின் ஊடே கடந்துவரும் ஒளியும் முனைவாகும். அப்படியானால் சிதறலே காரணமென்று எப்படிச் சொல்வது? கோலத்தைப் பார்க்க வேண்டும். சிதறிய ஒளியின் அதிர்வுகள் விளக்கைச் சுற்றி வட்டமிடும். ஊடே கடந்த ஒளியில் அவை ஒரு பகுதி முழுவதும் ஏறக்குறைய ஒரே பக்கம் சாயும். பெக்லின்–நியூகேபவர் பொருளின் முனைவாக்கம் இரண்டாம் வகை என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு: பனிக்கட்டி கதிரை உறிஞ்சும் 3.1 மைக்குரோமீற்றரில் அது கூடுகிறது. விண்மீனை அண்டித் தூசு அடர்ந்த இடத்தில் ஒளி பலமுறை சிதறுவதால் வட்டக் கோலம் குலைவது உண்மைதான். ஆனால் அங்கே அதிர்வுகள் பெரும்பாலும் ஒரே நேர்திசையில் வரிசைப்படுகின்றன. விண்மீனைச் சுற்றிய தூசுத் தட்டு எந்தப் பக்கமாகக் கிடக்கிறது என்பதை அந்த வரிசையிலிருந்தே வானியலாளர் கணிக்கிறார்கள்.