கல்யாண சிடியைத் தூக்கிப் போடுவதற்கு முன்

முகப்பேர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளில், விண்டோஸ் எக்ஸ்பி போட்ட பழைய கம்ப்யூட்டரையும் கல்யாண சிடியையும் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. சிடியைப் போட்டால் டிரைவ் கரகரவென்று சுற்றும். பிறகு, ‘டிஸ்க்கைப் போடுங்கள்’ என்று திரையில் செய்தி வரும். உடனே சிடி போச்சு என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

முதலில், உள்ளே நடப்பது என்ன? தோசைக்கல்லின் நடுவில் மாவை ஊற்றி, கரண்டியால் சுற்றிச் சுற்றி வெளிப்பக்கம் இழுக்கிறோம் அல்லவா? சிடியிலும் அப்படித்தான். ஒரே தடம் நடுவில் தொடங்கி விளிம்புவரை சுற்றிக்கொண்டே போகிறது. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடைவெளி 1.6 மைக்ரான். தடத்தை நேராக நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். லேசர் கதிர் அந்தத் தடத்திலேயே ஓடிப் படிக்கிறது. எது எங்கே இருக்கிறது என்ற பட்டியல் நடுப்பகுதியில் இருக்கிறது. ஆகவே நடுவில் அடிபட்டால் சிடியே தெரியாது. விளிம்பில் அடிபட்டால் தாலி கட்டுவது வரை ஓடி, பந்தியில் நின்றுவிடலாம்.

அடுத்து, சிடியை விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். அடிப்பக்கம் 1.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், கொஞ்சம் கீறல் தாங்கும். பெயர் எழுதும் மேல்பக்கம்தான் ஆபத்து. பதிவு அந்த மெல்லிய பூச்சுக்கு அடியிலேயே இருக்கிறது. அங்கே உரிந்து வெளிச்சம் தெரிந்தால் அந்த இடம் போனது போனதுதான். அழுக்கு மட்டும் என்றால், மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தோடேயே ஓடும். குறுக்கே விழும் சின்னக் கீறலை டிரைவ் கணக்குப் போட்டுச் சரிக்கட்டிவிடும். நீளக் கீறலை முடியாது.

பிறகு வேறு சிடி போட்டுப் பாருங்கள். அதுவும் ஓடாவிட்டால் லென்ஸில் தூசியோ, டிரைவில் கோளாறோ இருக்கலாம். டிவிடியை சிடி டிரைவில் போட்டிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது.

ஓடுகிறது, ஆனால் தவழ்கிறது என்றால்? இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வழக்கமாகச் சுட்ட தோசையை இன்னொருவர் நேரே இலைக்குக் கொண்டுபோவார், இது டிஎம்ஏ. படிப்பதில் பிழை சேரச் சேர, எக்ஸ்பி அந்த ஆளை நிறுத்திவிட்டு, சுடுபவரையே, அதாவது பிராசஸரையே, ஒவ்வொரு தோசையாகப் பரிமாறச் சொல்லும், இது பிஐஓ. அழுக்குச் சிடியை எடுத்த பிறகும் அது தானாக மாறாது. ஆகவே டிவைஸ் மேனேஜரில் ‘ஐடிஇ’ கண்ட்ரோலர் வரிசையைத் திறந்து, சிடி டிரைவ் இருக்கும் சேனலை (பெரும்பாலும் செகண்டரி) அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். எக்ஸ்பி அதைப் புதிதாகக் கண்டுபிடித்து டிஎம்ஏவுக்குத் திரும்பும்.

ஒருமுறை படித்துவிட்டதா? அப்போதே காப்பி எடுங்கள். விசிடி (வீடியோ சிடி) என்றால் MPEGAV என்ற ஃபோல்டரில் உள்ள .DAT ஃபைலைப் பென்டிரைவில் போட்டால் போதும். விஎல்சி பிளேயரில் அப்படியே ஓடும்.